பென்சில் எண்கள்

டிப்போவில் அப்பாவுக்குப் பஞ்சுக்கால் என்று பெயர். அவர் பிரேக் போட்டால் தூங்குகிற பயணிக்குக்கூடத் தெரியாது. இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டிய அந்தக் கால், டிரைவர்களுக்கான மருத்துவச் சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கட்டிலில் கிடந்தபடி ஆடத் தொடங்கியது. ரத்த அழுத்தம் நூற்றைம்பதைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது புள்ளியியல். இரண்டு வருடமாக நேர்காணல்களுக்குப் போய் வருவதுதான் என் வேலை. அதனாலோ என்னவோ, அப்பாவின் அழுத்தத்தைக் குறைக்கும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அளக்கும் கருவி வாங்கினேன். தினமும் காலையில் அளந்து நோட்டில் பேனாவால் எழுதுவேன். நேர்காணலுக்குப் போகும் நாட்களில் அம்மா அளந்து பென்சிலால் எழுதுவாள். பட்டை கையை இறுக்கும்போது அப்பா கருவியைப் பார்க்க மாட்டார், என் முகத்தைப் பார்ப்பார்.

"மார்க் எவ்வளவு மா?"

நூற்று அறுபத்தெட்டு என்பேன். நீகூட இவ்வளவு வாங்கினதில்லையே என்று சிரிப்பார்.

சோதனைக்கு நானும் கூடப் போனேன். அம்மா வேண்டாம் என்றாள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் அளவு நூற்று ஐம்பத்தாறு. டாக்டர் நல்லவர். பயத்தில் ரத்தக் குழாய் சுருங்கும், இதயம் முட்டி மோதி அடிக்கும், பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்தால் இறங்கிவிடும் என்றார். நான் தனியாக விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்கப்பா. எனக்குச் சீக்கிரம் வேலை கிடைச்சிடும்."

இரண்டாவது அளவு நூற்று எண்பத்திரண்டு.

அடுத்த வாரமே அப்பாவை பஸ் கழுவும் கொட்டகைக்கு மாற்றினார்கள். பஞ்சுக்காலுக்கு ரப்பர் பூட்ஸ் கிடைத்துவிட்டது என்று கூட்டாளிகள் கிண்டலடித்தார்களாம். அதைச் சொல்லும்போது அப்பா சிரிக்கவில்லை.

அன்று மாலைதான் நோட்டை முதலிலிருந்து பார்த்தேன். பேனாவில் நூற்று அறுபத்தெட்டு, எழுபத்தொன்று, அறுபத்தாறு. பென்சிலில் நூற்று நாற்பத்திரண்டு, முப்பத்தெட்டு, நாற்பத்து நான்கு. பேனா எண் ஒன்றுகூட நூற்றைம்பதுக்குக் கீழே இல்லை, பென்சில் எண் ஒன்றுகூட அதற்கு மேலே இல்லை. மூன்று வருடம் இதைத்தானே படித்தேன்? எப்படிக் கண்ணில் படாமல் போனது? அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும்டி. உன்னப் பாத்தாலே அவருக்கு நெஞ்சு அடிச்சுக்கும், நமக்கப்புறம் இவ என்ன பண்ணுவாளோன்னு. சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியோன்னு வாய மூடிக்கிட்டேன்."

நான் உடையாமல் இருப்பதற்காக அவருடைய டிரைவர் சீட் போயிற்று. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது தினமும் அம்மாதான் அளக்கிறாள். அந்த நேரத்தில் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்தபடி நிற்பேன். உள்ளே அப்பாவின் குரல் தாழ்ந்து கேட்கும்.

"அவ வெளிய போய்ட்டாளா?"

"போய்ட்டா" என்பாள் அம்மா. அதற்குப் பிறகுதான் கருவி ஓடத் தொடங்கும்.