கோமளா மிஸ் போகாத பயணம்

செய்தி வந்தபோது நான் பாட்டனி லேபில் உப்பு மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மழைக்காட்டில் அட்டை கடித்தால் காலில் ஒற்றிக்கொள்ள ஆளுக்கொரு சின்னத் துணி மூட்டை. ஏழெட்டு முடித்திருப்பேன். அட்டெண்டர் வாசலிலேயே நின்று, "ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஆள் வந்திருக்குங்க. கோமளா மிஸ் காலையில தவறிட்டாங்களாம்" என்றார். நாங்கள் புறப்பட நான்கு நாள் இருந்தது.

இந்தக் கல்லூரி மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் வகுப்பெடுத்த ஆசிரியை. எனக்கு ஒன்றரை வருஷமாகப் பக்கத்து நாற்காலிக்காரர். டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்த நாளிலிருந்து நான் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. "ஏன் பேசமாட்டேங்கறே?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்காக அப்போது நன்றியோடு இருந்தேன்.

அந்தப் பயணம் அவர் மூன்று வருஷமாகக் கேட்டுப் பெற்றது. முதலில் கொடைக்கானல், அங்கிருந்து ஆனைமலைக் காடுகள், கடைசியில் மண்டபம் ஊருக்கு எதிரே உள்ள தீவுகளில் கடல்பாசி. பத்து மாணவிகள், அவர், நான். பத்து வீட்டுக்கும் அவரே போய்ச் சம்மதம் வாங்கினார். பொன்மலையில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பிய அப்பா, அவர் எதிரில் உட்காரவே இல்லை.

"காட்டுல பொம்பளைப் புள்ளைங்களுக்கு என்னங்க வேலை?"

அம்மா கொடுத்த காப்பியை மறுக்காமல் குடித்துவிட்டு மிஸ் சொன்னார்: "லேபுல நாங்க பாக்கற செடியெல்லாம் செத்துப்போனது. உயிரோட இருக்கறச்சே ஒரு தடவை பாக்கட்டுமே."

அப்பா, "நீங்க கூடப் போறீங்கன்னா சரிங்க" என்றார். மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைத்ததாம்.

மலை ஏறக் கால் பழக வேண்டும் என்று வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் எங்களை மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். புடவையைத் தூக்கிச் செருகி, புதுக் கேன்வாஸ் ஷூவோடு, முதுகில் செங்கல் வைத்த பையோடு ஏறுவோம். அடிவாரத்துப் பூக்காரம்மாவுக்கு நாங்கள் நல்ல வேடிக்கை. "எப்பப் பாத்தாலும் மூட்டையோட வர்றீங்களே, உச்சிப் பிள்ளையாரை எறக்கி விட்டுட்டு நீங்க குடியேறப் போறீங்களா?" என்பார். "அவரையும் கொடைக்கானல் கூட்டிண்டு போறோம், வரேளா?" என்பார் மிஸ்.

மூன்றாவது வாரம் ஒருநாள், தாயுமானவர் சந்நிதியைத் தாண்டியதும் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் சிரித்துப் பேசியபடி மேலே போய்விட்டார்கள். நல்ல குளிர்; ஆனால் அவர் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. உதடு கறுத்திருந்தது. இடது தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று.

"இது மொதல் தடவை இல்லை" என்றார். பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாதே. நான் வரலேன்னா பத்து அப்பாக்களும் பொண்ணுகளை அனுப்பமாட்டா. திரும்பி வந்து டாக்டரைப் பாத்துக்கறேன். சத்தியமா."

சரி என்று தலையாட்டினேன். அவருக்காகத்தான் ஆட்டினேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. அந்தப் பாறையைவிட உயரமான எதையும் நான் பார்த்ததில்லை. கடலைப் பார்த்ததே இல்லை. எனக்கும் போகவேண்டியிருந்தது.

அடுத்த வாரம் பிரின்சிபால் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோமளா முகம் வாடியிருக்கிறதே, கூடவே இருக்கிறாயே, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். "அலைச்சல்தாங்க மேடம்" என்றேன். அவர் நம்பினார். அதிகம் பேசாதவள் பொய் சொல்லமாட்டாள் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

காரியங்கள் முடிந்தபின் சித்திரை வீதியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அண்ணா எனக்கு நாற்காலி போட்டார். வலி என்று தங்கை ஒருநாளும் சொன்னதில்லை, காலேஜிலாவது சொல்லியிருந்தாளா என்று கேட்டார். வேறு யாரையாவது கேட்டிருந்தால் "தெரியாது" என்ற பதில் கிடைத்திருக்கும், அதோடு போயிருக்கும்.

"தெரியும்" என்றேன். படியில் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "ஆத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதாம்மா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து உள்ளே போனார். நான் காத்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை.

மறுநாள் பிரின்சிபால் அம்மாவிடமும் சொன்னேன். வேறொரு ஆசிரியையோடு அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிவைத்திருந்த பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். எதற்கு அஞ்சி மிஸ் மறைத்தாரோ அது கடைசியில் என் வாயால் நடந்தது. பத்துப் பெண்களும் ஷூவைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டார்கள். இதை எழுதலாமா என்று மிஸ்ஸின் அண்ணாவுக்குக் கடிதம் போட்டேன். எழுது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அவரைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் அவருடைய துணிச்சலை எழுதுவார்கள். துணிச்சல் உண்மைதான். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது நான் கொடுத்த வாக்கு ஒன்றுதான். அதை ஒழுங்காகக் காப்பாற்றினேன். மீறியிருந்தால் அவர் என்னை மன்னித்திருக்க மாட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வருஷக் கணக்கில் என்னோடு பேசாமல் இருந்திருப்பார்.