சாட்சிக்குப் போன எரிமலைக் கல்

போன கிழமை பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், மனுசியோடு சாமான் வாங்கப் போன கடையில் கால் தேய்க்கிற கல்லொன்றைக் கையில் எடுத்தேன். கறுப்பு, துளை துளையாக, கனமே இல்லை. "உதை ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" என்று மனுசி கேட்கும்வரை நான் அங்கே இல்லை. ஒலிவியேயின் கல்லும் கறுப்புத்தான். ஆனால் நல்ல கனம்.

நான் பாரிசுக்கு வெளியே சார்செலில் அறையெடுத்திருந்த காலம். உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் ஒலிவியே, கொங்கோவில் கோமா என்ற ஊர்க்காரன். என்னைவிட இரண்டு வயது மூப்பு. ஆனாலும் எங்கள் பெடியள் கூப்பிடுவதைப் பார்த்து என்னை "அண்ணை" என்பான்.

ஊரைக் கேட்டால் மலையைத்தான் சொல்வான். நியிராகொங்கோ எரிமலை. ஆபிரிக்கா இரண்டாகப் பிளக்கிற கோட்டில், நெருப்புக்குழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்து உயர்ந்த மலை. உச்சிக் குழிக்குள் நெருப்புக்குழம்பு ஏரியாகவே கிடக்குமாம். மற்ற மலைகளில் களி மாதிரி நகர்வது, இங்கே தண்ணீராக ஓடுமாம். எழுபத்தேழில் அந்த ஏரி ஒரு மணித்தியாலத்துக்குள் வடிந்து கிராமங்களை மூடியதாம். எப்படி என்று காட்ட, கிரேப் தோசை மாவைச் சரிந்த தட்டில் ஊற்றினான். முதலாளியிடம் இருவரும் நன்றாக வாங்கிக்கட்டினோம். இரண்டாயிரத்து இரண்டில் மலையின் விலா பிளந்து வந்தது, ஒலிவியேயின் வீட்டை மூடிக்கொண்டு போனது. ஆறினதும் சனம் அதன் மேலேயே வீடு கட்டியதாம்.

"என்ரை வீடு இப்ப என்ரை வீட்டுக்குக் கீழை கிடக்கு" என்பான்.

அவனுக்கு அகதி விசாரணை வந்தது. அகதிக் கேஸ் எழுதிக்கொடுப்பதில் சப்பல் ஆட்கள் விண்ணர்கள், தெரியும்தானே. என் கேஸ் ஆறு பக்கம். நடந்ததே போதும், எழுதினவர் இன்னும் கொஞ்சம் உறைப்புப் போட்டார். அந்த அனுபவத்தில் நான் ஒலிவியேக்குப் புத்தி சொன்னேன்: "மலையை வெட்டிப்போட்டு ஆமி எண்டு எழுது. மலை துரத்தினதெண்டால் விசா தரமாட்டாங்கள்."

அவன் ஒரு அடுக்குக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான்.

"வீட்டை எரிச்சது மலை, அண்ணை. செய்யாதவன்ரை தலையிலை எப்பிடிப் போடுறது?"

ஊரிலிருந்து கொண்டுவந்த, குழம்பு ஆறி இறுகின கல்லைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனான். சாட்சியாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

றிஜெக்ட். மலைக்குப் பயந்தவனுக்கு அகதிச் சட்டத்தில் இடமில்லை. ஒருநாள் காலை ஒலிவியே வேலைக்கு வரவில்லை. கல் மட்டும் என் தொட்டி விளிம்பில் இருந்தது.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் மலை மறுபடி வழிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து, அவனுடைய பழைய நம்பருக்கு அடித்தேன். பாவனையில் இல்லை. உணவகம் இருந்த இடத்தில் இப்போது ரெலிபோன் கடை. பொபினிக்கு வீடு மாறியபோது என் ஆறு பக்கங்களையும் பிளாஸ்ரிக் உறையில் பத்திரமாகக் கொண்டுவந்தேன். கல்லைத்தான் எங்கேயோ துலைத்துவிட்டேன்.