ஊரப்பாக்கத்து வெயிலை நம்பி அந்தமான் போனோம்

எங்கள் வீட்டில் குடைகள் தீபாவளி சமயத்தில்தான் பரணிலிருந்து இறங்கும். அதனால் கோடை விடுமுறை முடிவதற்குள் அந்தமான் போகலாம் என்று என் கணவர் சொன்னபோது, ஊரப்பாக்கத்து வெயிலில் வெந்துகொண்டிருந்த நான் உடனே தலையாட்டினேன்.

"ஏங்க, அங்க மழை வந்துடாதே?"

"மே கடைசில ஏது மழை? ஐப்பசி, கார்த்திகைலதானே!"

பள்ளியில் புவியியல் எடுப்பவர் சொன்னால் மறுப்பேனா? தொப்பி, கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன் என்று பெட்டியை நிரப்பினேன்.

போர்ட் பிளேரிலிருந்து படகில் ஒரு சின்னத் தீவுக்குப் போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காற்றும் சேர்ந்துகொள்ள, படகுகளை நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த நாள் ஊருக்கு விமானம்! அதை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கணவரையும் இழுத்துக்கொண்டு விடுதி வரவேற்பறைக்கு ஓடினேன்.

விடுதி நடத்திய தமிழ்ப் பெண்மணி, "இங்க மே மாசமே மழை ஆரம்பிச்சிடும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்?" என்றார்.

"தென்மேற்குப் பருவமழை!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கணவர். "வருஷா வருஷம் பசங்களுக்கு நடத்துறேன்டி!"

பயத்தை மறந்து சிரித்துவிட்டேன். நல்லவேளை, காலையில் காற்று அடங்கிப் படகு கிளம்பியது. அங்கே அவசரமாக வாங்கிய குடைகள், ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை வெயிலுக்கு உதவின.

இப்போதெல்லாம் எங்கே போவதானாலும் முதலில் அந்த ஊர் விடுதிக்குப் போன் போட்டு, "உங்க ஊர்ல மழை எந்த மாசம்?" என்று கேட்டுவிடுகிறேன். ஸ்பீக்கரில்தான் போடுவேன். புவியியல் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். பதில் சொல்ல மட்டும் அனுமதி இல்லை.