ரேடியோ நாளில் ஒரு நெஞ்சுவலி

சர்க்கரைக்கு மருந்தெடுக்க மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் நான். போன வாரம் அவசரப் பிரிவுக்கு வெளியே பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. சுவரில் இருந்த டிவியில் உலகக் கிண்ணக் கிரிக்கெட். "மேட்ச் முடியட்டும் ஐயா, அப்புறம் பாருங்க கூட்டத்த. நெஞ்சுவலியக்கூட அடக்கி வச்சிக்கிட்டு இருப்பாங்க" என்று தாதி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் காலத்தில் நேர்மாறு. அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்துக்காரன். டாக்டர் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், படிப்பு போதாது. தோட்டத்தில் ரேடியோ இரண்டே இரண்டு. ஒன்று துரை பங்களாவில், மற்றது என் டிஸ்பென்சரியில். மதராஸில் கிரிக்கெட் நடந்தால் தொழிலாளர் லயத்து ஆண்களுக்கெல்லாம் வயிற்றுவலி வந்துவிடும். இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், அதில் பாதி என் சொந்தச் சரக்கு. எல்லாருக்கும் ஒரே சிவப்பு மருந்து, வேலைக்குப் போகாமலிருக்க ஒரு துண்டுச் சீட்டு. அந்த மருந்தில் ஓம வாசனை அடிக்கும். இன்றைக்கும் எனக்கு ஓமத்தண்ணீர் ஆகாது.

அப்படியொரு தை மாதக் காலையில் முத்தையா வந்தார். தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவர். "ஐயா, நெஞ்சு என்னமோ அடைக்குதுங்க" என்றார்.

"இன்னைக்கு எல்லாருக்கும்தான் அடைக்குது. உட்காருங்க, ஆட்டம் முடியட்டும்."

கூட்டம் சிரித்தது. முத்தையாவும் சிரித்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்தார். கையில் சிவப்பு மருந்தைக் கொடுத்துவிட்டு நான் ரேடியோவுக்குத் திரும்பினேன். ரேடியோ கேட்க அவர் ஒருநாளும் வந்ததில்லை. அது என் புத்தியில் உறைத்திருக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். எல்லாரும் எழுந்தார்கள், அவர் எழவில்லை. மருந்து குடிக்கப்படாமல் அப்படியே பக்கத்தில் இருந்தது.

கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "ஐயா பக்கத்துலதானே இருக்காரு, பயமில்லன்னு நெனச்சேங்க" என்றாள். ஏசியிருக்கலாம்.

ரேடியோவை அந்த வாரமே டவுனுக்குக் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். சில வருஷத்தில், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பியபோது, அவள் பிள்ளைகளோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனாள். விலாசம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. டிஸ்பென்சரி இருந்த இடத்தில் இப்போது தேயிலை நிற்கிறது. எங்கே வலிக்கிறது என்று நான் முத்தையாவைக் கேட்கவேயில்லை. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அந்த மலையில் இன்று ஒருவரும் மிச்சமில்லை.