காரணம் எழுதவில்லை என்று சொன்னேன்

நான் அதிகம் படித்தவன் இல்லை. வங்காளத்தில், டாலிகஞ்சில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். லேக் கார்டன்ஸில் வாடகை வீடு, மனைவி, காலையில் அரைமணி நேரம் முருகனுக்குப் பூஜை, சாயங்காலம் ஏரிக்கரையில் ஒரு நடை. ஜெயில் என்பது பேப்பரில் வருகிற விஷயம் என்றுதான் இருந்தேன்.

கோவில் கமிட்டிக்காரர் ஒருவர்தான் வந்து கேட்டார். ஊருக்கு வெளியே உள்ள பெரிய ஜெயிலில், பலத்த காவல் போட்ட பகுதியில், தமிழ்க் கைதி ஒருவன் இருக்கிறான். அவன் எழுதும் கடிதங்களையும் வீட்டிலிருந்து அவனுக்கு வருவதையும் படித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. மாதம் இரண்டு தடவை போய்ப் படித்துச் சொல்ல முடியுமா என்றார். புண்ணியம் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

ஆபீசில் ஒரு வங்காளி அதிகாரி. நல்ல மனுஷர். "வாங்க மேசோமஷாய்" என்று சொந்தச் சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி நாற்காலி போடுவார். நான் படித்து வங்காளியில் சொல்வேன், அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். கைதியை நான் பார்த்ததில்லை. அவன் என்ன செய்தான் என்பது மட்டும் தெரியும். கொள்ளையடிக்கப் போன இடத்தில் ஒரு காவலாளி செத்துப்போன வழக்கு. தண்டனை ஆகியிருந்தது.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் போனேன். சஷ்டி விரதம். நாற்பது வருஷமாக இருக்கிறேன். ஆறு நாளும் காலையிலும் ராத்திரியிலும் ஒரு டம்ளர் பால் மட்டும். அன்றைக்கும் பால் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அவன் மகளுக்கு எழுதியிருந்தான். முதல் வரியே "முருகன் துணை". அதற்குக் கீழே: "அப்பா சஷ்டி இருக்கிறேன். ஆறு நாளும் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பார்த்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரும் சாப்பிடாமல் இருக்கிறார்கள்."

எனக்குள் ஏதோ சுருக்கென்று குத்தியது. கொலைகாரனுக்கு விரதமா? நான் கும்பிடுகிற அதே சாமியை, நான் இருக்கிற அதே நாளில், நான் இருக்கிற மாதிரியே இவனும் இருக்கிறானா?

"என்ன எழுதியிருக்கான்?" என்றார் அதிகாரி.

"சாப்பிடறதில்லையாம். ஆறு நாளைக்கு. கூட ரெண்டு பேரையும் சேர்த்திருக்கான்."

அவர் பேனா நின்றது. "எதுக்காம்? ஏதாவது கோரிக்கையா?"

"காரணம் எழுதலை" என்றேன்.

அதே வாரம்தான் பீகார்க்காரர்கள் சூரியனுக்கு விரதம் இருக்கிற சட் பூஜையும். பீகார்க் கைதிகள் மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள், அவர்களுக்குப் பழமும் கரும்பும் வாங்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அந்த மனுக்கள் அவர் மேஜை மேலேயே, என் கண்ணெதிரே இருந்தன. 'இவனுக்கும் அதே மாதிரி ஒரு பூஜைதான் ஐயா' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குளித்து விளக்கேற்றினேன். சஷ்டியன்று கோவிலுக்குப் போய், மறுநாள் விரதத்தை நல்லபடியாக முடித்தேன்.

அடுத்த தடவை போனபோது அவனிடமிருந்து கடிதம் இல்லை. மகள் எழுதியது மட்டும் ஒன்று வந்திருந்தது. படித்தேன்.

"வீட்டு விஷயம், வேறொண்ணுமில்லை" என்று மடித்துக் கொடுத்தேன்.

அதிகாரி அதை இழுப்பறையில் போட்டார். "அவன் இப்போ தனிக் கொட்டடியில, மேசோமஷாய். உண்ணாவிரதம் தூண்டிவிட்டான்னு மேலேருந்து உத்தரவு. பேச்சும் கிடையாது, கடிதமும் கிடையாது."

"எத்தனை நாளைக்கு?"

"மறு உத்தரவு வர வரைக்கும்."

டீ வந்தது. குடித்தேன்.

மார்கழி போனது, தை போனது. அந்தச் சமயத்தில் பேப்பரிலும் டிவியிலும் இதே பேச்சாகிவிட்டது. கைதிகளை மாதக்கணக்கில் தனியாகப் பூட்டி வைப்பது சட்டப்படி சரியா என்று யாரோ கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். எங்கள் தெருமுனை டீக்கடையில் கீழ்வீட்டு வங்காளி அண்ணன் சத்தம் போடுவார்: "தனி ரூமாம், தனிமையாம்! என் வீட்டுல ஏழு பேரு, ஒரே பாத்ரூம். எனக்குக் குடுக்கச் சொல்லு அந்த ரூமை!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மாசி மாதம் ஒரு வக்கீல் பெண் வீட்டுக்கு வந்தாள். வங்காளிப் பெண், என் மகள் வயது. தமிழ்க் கைதி ஒருவருக்காக வாதாடுகிறாள், பேச்சை மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும், கோவிலில் என் பெயரைச் சொன்னார்களாம். கடிதம் படித்தவனே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

அவள் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? பேசாம பூஜையப் பாத்துக்கிட்டுக் கெடங்க."

"பூஜையிலதான் மனசு நிக்க மாட்டேங்குது."

"ஏன், என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். அவள் எழுந்துபோய்ப் பூஜை விளக்கைத் தூண்டிவிட்டு வந்தாள். பிறகு, "போய்ட்டு வாங்க" என்றாள்.

வக்கீலோடு ஜெயிலுக்குப் போன அன்றுதான் அவனை முதலில் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வந்தான். என் தமிழைக் கேட்டதும் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. இருமிச் சரி செய்துகொண்டான்.

"மன்னிச்சுக்கோங்கய்யா. பேசியே நாளாச்சு. செவுத்துகிட்டதான் பேசுவேன். அதுவும் அப்பறம் விட்டுட்டேன், பைத்தியம்னு எழுதிருவாங்கன்னு."

அதை வக்கீலிடம் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். எதற்காகத் தனியே போட்டார்கள் என்று கேட்கச் சொன்னாள்.

"சஷ்டி இருந்தேன்யா. எனக்குத் தெரிஞ்ச இந்தியில பூஜை, பூஜைன்னு சொல்லிப் பார்த்தேன். 'உன் லெட்டர்லயே காரணம் இல்லையாமே'ன்னாங்க. மொத வரியே சாமி பேருதாங்கய்யா. படிச்சவருக்குக் கண்ணு தெரியலையோ என்னவோ."

வக்கீல் என்னைப் பார்த்தாள். "என்ன சொல்றாரு?"

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எதைச் சொன்னாலும் அதுதான் அங்கே உண்மை ஆகும். அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் வங்காளியில் சொன்னேன். பிறகு, "அந்தக் கடிதத்தைப் படிச்சது நான்தான்மா. கண்ணு நல்லாத் தெரிஞ்சது. பொய் சொன்னேன்" என்றேன். அவனிடமும் அதையே தமிழில் சொன்னேன்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் முன்னால் சாய்ந்து மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ என் மக எழுதினதையும் நீங்கதான படிச்சீங்க? என்னய்யா எழுதியிருந்தா?"

தெரிந்ததைச் சொன்னேன். கணக்கில் பாஸாகிவிட்டாள். அம்மா தையல் கடைக்குப் போகிறாள். சைக்கிள் ஓட்டப் பழகுகிறாள்.

"யாரு சைக்கிள்ய்யா?"

நினைவில்லை.

"ரெண்டு பக்கம் எழுதுவாளே. இன்னொரு பக்கத்துல?"

எவ்வளவோ யோசித்தேன். வரவில்லை. இட்டுக்கட்டிச் சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருப்பான். அதற்கு மட்டும் வாய் வரவில்லை. "யோசிச்சுப் பாருங்கய்யா" என்று அவன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது என்று கூட்டிப் போய்விட்டார்கள்.

வெளியே வந்து வக்கீல் வாக்குமூலம் எழுதினாள். "சொல்ல மறந்துட்டேன்னு போட்டுக்கலாம் மேசோமஷாய், உங்களுக்குப் பிரச்சனை வராது" என்றாள். "தெரிஞ்சே சொல்லலைன்னு போடும்மா" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

பங்குனியில் அவனைப் பழைய இடத்துக்கே மாற்றினார்கள். கடிதங்களையும் கொடுத்தார்களாம். ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுகிறான் என்று வக்கீல் சொன்னாள். அது எப்போது சரியாகும் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

'பொய் சொன்னேன்' என்றுதான் அன்று அவனிடம் சொன்னேனே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. தினமும் முருகனிடம் கேட்கிறேன். கேட்க வேண்டிய இடம் அது இல்லை என்றும் தெரிகிறது. அவனைப் பார்க்க ஜெயிலுக்குப் போனேன். மனு வாங்குகிறவர், "நீங்க என்ன உறவு?" என்றார். உறவு இல்லை என்றேன். உறவுக்காரரும் வக்கீலும்தான் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஜெயில் ஆபீசிலிருந்தும் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. வேறொரு தமிழரை வைத்திருக்கிறார்களாம், டாக்குரியா பக்கம் யாரோ.

அதனால் போன வாரம் அவனுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நடந்ததை நடந்தபடி, என்னை மன்னிக்க வேண்டும் என்பது வரை, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். அந்த டாக்குரியாக்காரர் அதைப் பிரித்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே அதிகாரிக்குப் படித்துச் சொல்வார். எழுதியிருப்பதை அப்படியே சொல்லட்டும்.