பாகுத் தொட்டியில் சாய்ந்த தூண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாகம்மாவைக் கண்டால் எனக்கு ஆகாது. அந்தப் பட்டப்பெயரே நான் வைத்ததுதான். ஆய்வுக்கூடத்தில் மற்ற எல்லோருக்கும் அவர் அக்கா. இருமல் மருந்துக் கம்பெனியில் ஒன்பது வருடம் பாகு காய்ச்சியவர். கம்பெனி மூடியதும் தற்காலிக வேலை என்று இங்கே வந்து, பதினான்கு வருடமாகத் தற்காலிகமாகவே இருக்கிறார். படித்தது பத்தாவது. நான் படித்ததைச் சொன்னால் பீற்றிக்கொள்கிறேன் என்பீர்கள்.

எங்கள் வேலை பூமிக்கு உள்ளே. மேலோட்டுக்கு அடியில் கவசம் என்கிற கனத்த பாறை அடுக்கு இருக்கிறது. பாறைதான், ஆனால் கோடிக்கணக்கான வருடக் கணக்கில் பார்த்தால் பாகு மாதிரி மெல்ல நகரும். அதன் அடியிலிருந்து சூடான பாறை தூண் போல எழும்பி வரும். மேலோடு நகரும்போது கீழே உள்ளதையும் இழுத்துக்கொண்டு போவதால் தூண் சாயும். எவ்வளவு சாய்ந்தால் அது தூணாக நிற்க முடியாமல் அறுந்து, உருண்டை உருண்டையாக மேலே போகும்? இதுதான் கேள்வி. ஒவ்வோர் உருண்டையும் மேலே ஓர் எரிமலையைக் கிளப்பலாம்.

நான் அதைக் கணினியில் போட்டேன். நான்கு மாத உழைப்பு. பாகம்மாவோ மார்பளவு கண்ணாடித் தொட்டியில் கெட்டிப் பாகை நிரப்பி, அடியில் குழாய் வழியே நீர்த்த சிவப்புப் பாகை விடுவார். மேலே ஒரு ரப்பர் பட்டையை மோட்டார் இழுக்கும். அவ்வளவுதான் சாமர்த்தியம். ஆனால் பேராசிரியர் என் வரைபடங்களை அரை நிமிடம் பார்ப்பார். பாகம்மா கரண்டியில் பாகைத் தூக்கி ஒழுகவிட்டு, "இன்னும் கொஞ்சம் கெட்டி வேணும் சார்" என்றால் மறுபேச்சே கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் தேநீர் நேரத்தில் பாகம்மாவின் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கே தப்பு செய்கிறார் என்று பார்க்கத்தான். உள்ளே போகமாட்டேன், போனால் நானே தேடி வந்ததாக ஆகிவிடும். அவர் தொட்டிக்கு அந்தப் பக்கம், தரையில் படுத்துக் குழாயைக் கவனித்துக்கொண்டிருப்பார். நான் வந்ததே அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

ஏழு சோதனை முடிந்தது. என் கணினியில் தூண் எண்பது டிகிரி சாய்ந்தும் அறுந்தபாடில்லை. அவர் தொட்டியில் சில தடவை அறுபதில் அறுந்தது, சில தடவை நாற்பதிலேயே.

"ஏழுல நாலு வேற வேற மாதிரி வருதேம்மா, இதை எப்படி எழுதுறது?" என்றார் பேராசிரியர். "திங்கக்கிழமை வரைக்கும் பாக்கலாம். சரிப்படலைன்னா தொட்டியைக் காலி பண்ணிட்டு ரூமைத் தம்பிக்குக் குடுத்துடலாம்."

தொட்டி போனால் பாகம்மாவும் வீட்டுக்குத்தான். "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். நான் முகத்தைத் துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி வைத்துக்கொண்டேன். உள்ளே குளுகுளு என்று இருந்தது.

அடுத்த நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய நோட்டை எடுத்தேன். தப்பைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேதி, அறையின் வெப்பம், சாய்ந்த கோணம் எல்லாம் குண்டு குண்டான எழுத்தில் இருந்தன. மூன்றாவது சோதனையில் கூடவே ஒரு வரி: "கதவு திறந்தது. பன்னிரண்டு நிமிடம். பழுப்புச் செருப்பு."

குனிந்து என் காலைப் பார்த்தேன்.

தரையில் படுத்திருப்பவருக்குத் தொட்டி இருக்கும் மேசைக்கு அடியில் தெரிவது கால் மட்டும்தானே. நான்கு சோதனைகளில் பழுப்புச் செருப்பு இருந்தது. அந்த நான்கும்தான் முன்கூட்டியே அறுந்தவை. குளிரூட்டிய அறை அது. நடைவழியின் சூட்டில் கதவுப் பக்கப் பாகு இளகி மேலே கிளம்பி, தூணைக் குலைத்திருக்கிறது. செருப்பு இல்லாத மூன்றிலும் அறுபது, அறுபத்தொன்று, அறுபது. அதில் ஒன்று நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம்.

நோட்டை மூடி வைத்துவிட்டு வந்திருக்கலாம். அறை எனக்கு வந்திருக்கும். மூடியும் வைத்தேன். அந்தக் குண்டு எழுத்து கண்ணைவிட்டுப் போகவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன்.

"சார், இந்தப் பழுப்புச் செருப்பு என்னுதுதான்."

அவர் நோட்டைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "தொட்டி இருக்கட்டும். உங்க தூண் ஏன் அறுபடவே மாட்டேங்குதுன்னு போய்ப் பாருங்க" என்றார்.

பாகம்மாவின் அறைக்குப் போனேன். "ஏங்க்கா, கதவைச் சாத்துடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சார்கிட்டயாவது நோட்டைக் காட்டியிருக்கலாம்."

அவர் பிசுக்குக் கையைத் துணியில் துடைத்தார். "சார் கேட்டிருந்தா காட்டியிருப்பேன். பதினாலு வருசத்துல வேலை எதுவும் இல்லாம, சும்மா பாக்கணும்னே வந்தவர் நீங்க ஒருத்தர்தான் தம்பி. விரட்ட மனசு வரலை. எழுதாம விடவும் மனசு வரலை."

நான் வழக்கம்போலக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

"உள்ள வந்து கதவைச் சாத்துங்க. இப்பதான் சாய ஆரம்பிச்சிருக்கு."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். சிவப்புத் தூண் மெல்லச் சாய்ந்தது. அறுபதை எட்டியதும் அங்கங்கே புடைத்தது. புடைத்த இடத்தில் அறுந்து மூன்று உருண்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் மேலே போயின. பாகம்மா நேரத்தைக் குறித்தார். கீழே எழுதினார்: "கதவு மூடியிருந்தது. பழுப்புச் செருப்பு உள்ளே."

அந்தக் கை எனக்கு வாய்க்கவில்லையே என்று வயிறெரிந்தது. மறுநாளும் போனேன்.