பன்னிரண்டு படங்களில் தாசில்தார்

1912 மார்ச் 4, திங்கள். மாலை ஐந்து வரை தாலுகா கச்சேரியில் நகல் எழுதிவிட்டு, சந்தை வழியே வீடு திரும்பினேன்.

தூரிகை நுனியை நக்கி நக்கி நாக்கு கறுத்த ஒரு மனிதர் தகர டப்பாவைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அதன் பக்கவாட்டில் வெட்டியிருந்த கீறல்கள் வழியே பார்த்தேன். உள்ளே அவர் வரைந்து ஒட்டியிருந்த பன்னிரண்டு படங்களும் ஒன்றாகி அசைந்தன. எங்கள் தாசில்தார் படித்துறையில் வழுக்கி ஆற்றில் விழுந்தார், ஏறினார், மறுபடியும் விழுந்தார்.

“சந்தை வழியை மறிக்கேன்னு என் மூணு வருசத்துப் படத்தையெல்லாம் ஆத்துல எறிஞ்சான், அண்ணாச்சி.”

“அப்படின்னா முங்கியே போறாப்ல வரையலாமே வே?”

“முங்கிட்டா ஒரு தடவையோட போச்சு. ஏறினாத்தானே திரும்ப விழுவான்?”

மார்ச் 5, செவ்வாய். காலை முதல் வேலையாக, கச்சேரிப் படியேறி வந்த தாசில்தாரை எழுந்து வணங்கினேன். என் கண் மட்டும் அவர் செருப்பிலேயே இருந்தது.